‘போ’ என்றால் ஆமாம்

எங்கள் கட்டடத்தின் மாடிப்படியில் யாருடைய காலடி கேட்டாலும் முதலில் திறக்கிற கதவு கப்பல் அண்ணன் வீட்டுக் கதவுதான். வருகிறவர் அவரைத் தேடி வர வேண்டும் என்பதில்லை. மேல்மாடி சீனக் குடும்பத்தின் உறவுக்காரராக இருக்கலாம், காஸ் சிலிண்டர் தூக்கி வருகிற ஆளாக இருக்கலாம், கட்டடம் மாறி ஏறிவிட்ட யாரோவாகவும் இருக்கலாம். லுங்கியை இறுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து முகத்தைப் பார்ப்பார். தனக்கு வந்தவர் இல்லை என்று தெரிந்ததும், ‘ஹைதே, ஹைதே’ என்று ஏதோ சொல்லி மேலே கையைக் காட்டிவிட்டு உள்ளே போவார். அடுத்த காலடிக்கு மறுபடியும் வந்து நிற்பார்.

எனக்கு அவர் பெயர் தெரியும். ஆனால் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் இருக்கிற எல்லோருக்கும் அவர் கப்பல் அண்ணன்தான். கப்பலில் சமையல்காரராக இருந்தவர். கப்பலை விட்டு வந்து, மா கின்னைக் கூட்டிக்கொண்டு, எங்கள் எதிர் வீட்டுக்குக் குடி வந்தார். மா கின் பாதி தமிழ், பாதி பர்மா. தமிழ் நன்றாகப் புரியும். பதில் பர்மியத்தில்தான் வரும். நானோ என் வாசலோரம் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு, நாள் பூராவும் தமெயின் என்கிற பெண்கள் லுங்கிகளுக்கும் ஜாக்கெட்டுகளுக்கும் நடுவே உட்கார்ந்திருப்பவள். அதனால் அவர் கதவைத் திறப்பதும் மூடுவதும் என் கண்ணில் படாமல் போனதில்லை.

குடிவந்த புதிதில் எங்களுக்குள் ஒரு சண்டை. கட்டடத்துக்கே ஒரு தண்ணீர் மோட்டார். ஆளுக்கொரு நேரம். அவருடைய நேரத்தில் எனக்கு அவசரமாகத் தண்ணீர் வேண்டியிருந்தது. போய்க் கேட்டேன்.

“அண்ணே, மோட்டாரை நான் கொஞ்சம் போட்டுக்கட்டுமா?”

தலையை இடமும் வலமுமாக ஆட்டி, “போ” என்றார்.

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. தர மாட்டேன் என்றால் தர மாட்டேன் என்று சொல்லலாம். நாயை விரட்டுகிற மாதிரி ‘போ’ என்றால்? திரும்பி வந்து மிஷினில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவரே என் வாசலில் நின்றார். “ஏன் தங்கச்சி மோட்டார் போடல? தண்ணி நின்னு போயிடும்.”

“நீங்கதானே போன்னு சொன்னீங்க.”

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “அய்யய்யோ! போன்னா ஆமான்னு அர்த்தம் தங்கச்சி.”

“எந்த ஊர்ல?”

“அல்பேனியாவுல.”

நான் அந்தப் பெயரை அதற்கு முன் கேட்டதில்லை. அங்கே ஆமாம் என்பதற்குத் தலையை இடமும் வலமுமாக ஆட்டுவார்கள், இல்லை என்பதற்கு மேலும் கீழுமாக அசைப்பார்கள் என்று நின்றபடியே விளக்கினார். இல்லைக்கு அவர்கள் சொல் ‘யோ’. “நம்ம ஆளுங்களுக்கு இது சுலபம் பாத்துக்க. நாம எல்லாத்துக்கும் இப்படித்தானே ஆட்டறோம். நான் அங்க தலையாட்டினதைப் பாத்து, இவன் எது கேட்டாலும் சரிங்கறானேன்னு அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு.” மா கின் பின்னாலிருந்து பர்மியத்தில் சொன்னாள்: “கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு வருஷம் இவர் ஆமாங்கறாரா இல்லைங்கறாரான்னு எனக்கே தெரியாது.”

அவர் கதையை ஒழுங்காக உட்கார்ந்து சொன்னதே கிடையாது. நடந்துகொண்டே சொல்வார், பாதியில் எழுந்து படிக்கட்டை எட்டிப் பார்ப்பார், வேறு இடத்திலிருந்து தொடங்குவார். நான் துண்டு துண்டாகக் கேட்டு ஒட்டிக்கொண்டது இதுதான். அவர் போன சரக்குக் கப்பல், துர்ரஸ் என்கிற அல்பேனியத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டது. அங்கேயே முதலாளி கைவிட்டுவிட்டான். போன் எடுக்கவில்லை. சம்பளம் நின்றது, எண்ணெய் நின்றது, கடைசியில் சமைக்கவும் ஒன்றுமில்லை. கப்பலை விட்டு இறங்கவும் அனுமதி இல்லை. “சமையல்காரனுக்குச் சமைக்க ஒண்ணும் இல்லாட்டி என்ன வேலை? கம்பியைப் பிடிச்சிக்கிட்டு நின்னு, ஏணியில யாராச்சும் ஏறி வர்ற சத்தம் கேக்குதான்னு பாத்துக்கிட்டு இருக்கறதுதான் வேலை.”

ஒரு நாள் ஏறி வந்தவர் ஆகிம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். சின்னப் படகில் ரொட்டியும் வெள்ளைப் பாலாடைக் கட்டியும் தண்ணீரும் கொண்டு வந்தார். யாரும் கேட்கவில்லை, யாரும் அனுப்பவில்லை. பிறகு அடிக்கடி வந்தார். அவரிடம்தான் அண்ணன் அந்த மொழியைக் கற்றார்.

மொழியைப் பற்றிப் பேசும்போது மட்டும் அண்ணனுடைய கைகால்கள் கொஞ்சம் நிதானப்படும். அவர்கள் தங்கள் மொழியை ‘ஷ்கிப்’ என்கிறார்கள். நாம் சொல்கிற அல்பேனியா என்ற பெயர் வெளியார் வைத்ததுதான். “ஒருத்தனுக்கு விஷயம் மண்டையில ஏறலைன்னா, ‘உனக்கு ஷ்கிப் புரியுதா?’ன்னு கேப்பாங்க. நாம ‘தமிழ்லதானே சொல்றேன்’னு கேக்கறோம் பாரு, அச்சு அசலா அதே.” அக்கம்பக்கத்து மொழிகள் எதனோடும் சேராமல், மொழிக் குடும்பத்திலேயே தனிக் கிளையாக நிற்கிற மொழி என்று ஆகிம் பெருமையோடு சொல்வாராம். வடக்கே ஒரு பேச்சு, தெற்கே ஒரு பேச்சு. ஒருவரை ஒருவர் கேலி செய்துகொள்வார்கள்.

“மால்னா மலை,” என்றார் ஒரு முறை, ஏதோ சொந்தக்காரரைக் கண்டுபிடித்த மாதிரி. “ஏதோ ஒரு மலைன்னா மால். அந்த மலைன்னா மாலி. நாம ‘அந்த’ங்கறதை முன்னாடி வைக்கிறோம், அவங்க வாலாட்டம் பின்னாடி ஒட்டிடறாங்க.” மரியாதைக்கு நீங்கள், நெருக்கத்துக்கு நீ என்பது அங்கேயும் உண்டு. ஆனால் அவரை மயக்கியது வேறு. எதிர்பாராத ஒன்றைக் கண்டால் அதைச் சொல்வதற்கென்றே அவர்களுடைய வினைச்சொல்லுக்குத் தனி உருவம் இருக்கிறது. வந்திருக்கிறாய் என்று சாதாரணமாகச் சொல்ல ஒரு விதம். அட, வந்திருக்கிறாயே, நான் நினைக்கவே இல்லையே என்பதற்கு வேறு விதம். “பாஸ்கே ஆர்துர்!” என்று வாசலில் கையை விரித்துச் சொல்லிக் காட்டுவார். “நாம ஏகாரத்தை இழுத்துச் சமாளிக்கறோம். அவங்க இலக்கணத்துலயே போட்டு வச்சிருக்காங்க தங்கச்சி. எத்தனை தடவை ஆச்சரியப்பட்டிருந்தா ஒரு ஜனம் அதுக்குன்னு இலக்கணம் பண்ணியிருக்கும்!”

எனக்கு இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். எங்கள் தெருவில் அப்போது மூலைக்கு மூலை ஜப்பானிய வகுப்பு, கொரிய வகுப்பு, தாய் வகுப்பு. பிள்ளைகள் வெளியே போவதற்காகப் படித்தார்கள். அல்பேனிய மொழியைப் படித்து யார் எங்கே போவது? ஆனால் மிஷின் ஓட்டிக்கொண்டே கேட்டதில் சிலது என் காதிலும் ஒட்டிவிட்டது. புக் என்றால் ரொட்டி. க்ரீப் என்றால் உப்பு. மிக் என்றால் நண்பன். விருந்தாளிக்கும் அதே சொல்.

இந்த ‘மிக்’கில்தான் அவருடைய அமைதியின்மையெல்லாம் இருந்தது. கப்பலில் அவருக்குக் கடுமையான காய்ச்சல் வந்தபோது, ஆகிம் அவரைப் போர்வையில் சுற்றிப் படகில் ஏற்றித் தன் வீட்டுக்கே கொண்டு போய்விட்டார். சட்டப்படி அது குற்றம். கடற்கரை நெடுக, கவிழ்த்து வைத்த கிண்ணம் போல, பழைய அரசாங்கம் கட்டிப்போட்ட சிமெண்டுப் பதுங்கு குழிகள். அவற்றைத் தாண்டி ஆகிமின் சின்ன வீடு. ஆகிம் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர், மனைவி லூலே கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். பெருநாளைக்குப் பக்லாவா இனிப்பு, ஈஸ்டருக்குச் சிவப்பு முட்டை. “நம்ம வீட்டுல தீபாவளிக்கும் பலகாரம், பர்மாக்காரங்க ததின்ஜுத் பண்டிகைக்கும் விளக்கு மாதிரி” என்பார் அண்ணன். லூலே கூடத்தில் நல்ல இடத்தை அவருக்குக் கொடுத்து, முதலில் காபி வைத்து, பிறகு ரொட்டியும் உப்பும் வைத்தாள். அவர் தேறுகிற வரைக்கும் அவருடைய பெயரைக்கூடக் கேட்கவில்லை. வந்தவர் தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்வது; தோண்டக்கூடாது.

துறைமுக அதிகாரிகள் தேடி வந்தார்கள். ஆகிம் வாசற்படியில் நின்றார். “உள்ள என் மிக் இருக்கான். பெஸா குடுத்திருக்கேன்” என்றாராம். பெஸா என்றால் வாக்கு. வாக்கு என்று மட்டும் சொன்னால் போதாது, அதைக் கொடுத்தவனுடைய மானமும் அதிலேயே இருக்கிறது என்பார் அண்ணன். அதிகாரிகள் கத்தினார்கள், பிறகு போய்விட்டார்கள். அவர்களுக்கும் அந்தச் சொல் தெரியும். ஆகிம் இளைஞராக இருந்த காலத்தில், ஊரே பசியிலும் பயத்திலும் கப்பல் கப்பலாக ஏறி இத்தாலிக்கு ஓடிய துறைமுகம் அது. அவரும் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போய், திருப்பி அனுப்பப்பட்டவர். “எனக்கு அங்க ஒருத்தன் தண்ணி குடுத்தான்” என்பதற்கு மேல் அதைப் பற்றி அவர் சொன்னதில்லையாம்.

அண்ணன் கிளம்பியபோது ஆகிம் ஊர் எல்லை வரை கூடவே வந்தார். விருந்தாளியை எல்லை வரை கொண்டுபோய் விடுவதும் வீட்டுக்காரன் கடமை. பதிலுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அண்ணனைக் குடைந்தது. “ஏதாச்சும் கேட்டிருந்தா குடுத்துட்டு நிம்மதியா இருந்திருப்பேன். இப்ப யாருக்குக் குடுக்கறது? என் வீட்டுக்கு யார் வர்றா?”

அதனால்தான் ஒவ்வொரு காலடிக்கும் அந்தக் கதவு. வந்தவரைத் தனியாக அனுப்பவும் மாட்டார். மீட்டர் பார்க்க வந்தவரைத் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டார். மொஹிங்கா நூடுல்ஸ் விற்க வரும் அம்மாவை பஸ் நிறுத்தம் வரை. அந்த அம்மா என்னிடம் வந்து, “உங்க எதிர் வீட்டு ஆளுக்கு என்ன வேணுமாம்?” என்று பயந்து கேட்டாள்.

எனக்கும் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. காலம் அப்படி. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற சட்டம் வந்த பிறகு என் மகன் செல்வம் வெளியே போவதையே குறைத்துவிட்டான். இருபத்திரண்டு வயது. ஜன்னலோரம் நிற்காதே என்பேன், படியில் சத்தமாகச் சிரிக்காதே என்பேன். இரவு தங்குகிற விருந்தாளி யாரானாலும் வார்டு ஆபீஸில் பதிய வேண்டும். பதியாமல் பிடிபட்டால் வீட்டுக்காரர் உள்ளே. எந்த வீட்டை எந்த நேரம் வந்து பார்ப்பார்கள் என்று தெரியாது. நான் கதவை மூடியே வைக்கக் கற்றுக்கொண்டேன். அவர் மட்டும் திறந்துகொண்டே இருந்தார்.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் அவள் வந்தாள். சண்டை நடக்கிற சகாயிங் பக்கத்துப் பெண். இடுப்பில் மூன்று நான்கு வயதுப் பெண் குழந்தை, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. இரண்டு பேரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். மூன்றாவது மாடியில் இருந்த மாமாவைத் தேடி வந்திருக்கிறாள். அந்த மாமா காலி செய்து போய் எத்தனையோ காலமாகிவிட்டது. அதைக் கேட்டதும் அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஊரில் வீடு எரிந்துவிட்டது, அடையாள அட்டையும் அதோடு போய்விட்டது என்று யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

அண்ணன் வாசலில் நின்றார். இரண்டு கையையும் விரித்தார். “பாஸ்கே ஆர்துர்!” என்றார். அவளுக்கு அது புரிய நியாயமில்லை. ஆனால் எழுந்து உள்ளே போனாள்.

அட்டை இல்லாதவளை எப்படிப் பதிவது? பதியப் போனால் அவளைத்தான் பிடித்துக் கேட்பார்கள். மா கின் முகம் வெளிறிப்போனது. ஆனாலும் காபி போட்டாள், குழந்தைக்குத் தலை துவட்டி, முகத்தில் தனக்காப் பட்டை அரைத்துப் பூசிவிட்டாள். இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் அண்ணனைப் படிக்கட்டில் நிறுத்தினேன்.

“அண்ணே, இது நல்லதுக்கில்ல. உங்க வீட்டைப் பாக்க வந்தா என் வீட்டையும் பாப்பாங்க. உள்ள செல்வம் இருக்கான்.”

“தெரியும் தங்கச்சி.”

“தெரிஞ்சுமா? உங்க விருந்தாளிக்காக எம்புள்ளையக் குடுக்கணுமா?”

அவர் இரண்டு படி இறங்கினார், ஏறினார். “வேணாம். அப்படி ஒண்ணு வந்தா உன் வாசலுக்கு வர விடமாட்டேன். ஆனா அவளைப் போன்னு என்னால சொல்ல முடியாது.”

“ஏன் முடியாது?”

“உள்ள வந்து தண்ணி குடிச்சிட்டா தங்கச்சி.”

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. கதவைப் பட்டென்று சாத்திக்கொண்டேன். பிறகு மா கின்னும் நானும் ஆளுக்கொரு பக்கமாக அந்த மாமாவை விசாரித்தோம். அவள் போய்ச் சேரட்டும் என்பதுதான் என் அவசரம். மார்க்கெட்டில் பழைய குடித்தனக்காரர் ஒருவர் மூலம் தெரிந்தது: மாமா விமான நிலையத்தைத் தாண்டி மிங்கலாடோன் பக்கம் இருக்கிறார். தெருப் பெயரும் கிடைத்தது. நாளைக் காலை கொண்டுபோய் விடுகிறேன் என்றார் அண்ணன்.

அந்தக் காலையில், அவர் சட்டை போட்டுக்கொண்டு நிற்கும்போது, கீழே பேச்சுச் சத்தம். வார்டு ஆபீஸில் எங்கள் நூறு வீட்டுக்குப் பொறுப்பான ஊ மின்னும், கூடவே நாங்கள் பார்த்திராத ஒரு ஆளும். ஊ மின் எங்களுக்குத் தெரிந்தவர்தான், கெட்டவர் இல்லை. ஆனால் கூட வந்த ஆள் முன்னால் அவரும் விரைத்துக்கொண்டு நின்றார். படியேறத் தொடங்கினார்கள்.

அண்ணன் தன் கதவை வெளியே இழுத்துச் சாத்திவிட்டு வேகமாக இறங்கினார். முதல் மாடியிலேயே அவர்களை நிறுத்தினார். நான் கைப்பிடிச் சுவருக்கு மேலிருந்து பார்த்தேன்.

“யாரைத் தேடறீங்க?”

“உங்க வீட்டுல பதியாத ஆள் தங்கியிருக்கறதா கேள்விப்பட்டோம்,” என்றார் ஊ மின்.

“ஆமா. என் விருந்தாளி. நான்தான் பதியல.”

ஊ மின் கண்ணை மூடித் திறந்தார். இல்லை என்று சொல்லியிருந்தால் அவருக்கும் வசதியாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

“இப்ப எங்க?” என்றார் கூட வந்தவர்.

“அது சொல்ல மாட்டேன். தப்பு என்னோடது. ஆபீசுக்கு வர்றேன், எழுதிக்குங்க.”

“மேல போய்ப் பாக்கணும்.”

“பாருங்க. முதல்ல என்னைக் கொண்டுபோங்க.” சொல்லிக்கொண்டே அவர்களுக்கு முன்னால் இறங்க ஆரம்பித்துவிட்டார். ஆளே நடந்து போகும்போது அவர்கள் என்ன செய்வார்கள்? ஊ மின் மேலே அண்ணாந்து என்னைப் பார்த்தார். “மத்தியானம் வந்து எல்லா வீட்டையும் பாப்போம்,” என்று கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னார்.

பிறகு எல்லாம் ஓட்டம்தான். செல்வத்தை அலோனில் துறைமுகக் கிடங்குகளுக்குப் பக்கத்தில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் பின்பக்கப் படி வழியாக அனுப்பினேன். எதிர் வீட்டில் அந்தப் பெண் பையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நாங்களே போய்க்கொள்கிறோம் என்றாள். மா கின் என் கையைப் பிடித்தாள். “அவங்க வந்தா நான் இங்க இருந்து கதவைத் திறக்கணும் அக்கா. நீங்க கூடப் போங்க. தனியா அனுப்பினா அவர் வந்து என்னைத்தான் கேப்பார். வாசல் வரைக்கும்.”

போனேன். ஏன் போனேன் என்று அப்போது யோசிக்க நேரமில்லை. பஸ்ஸில் குழந்தையை என் மடியில் வைத்துக்கொண்டேன். விமான நிலையத்துக்குச் சற்று முன்னால் பட்டாளத்தார் வண்டியை நிறுத்தி, அட்டைகளைப் பார்த்தார்கள். ஒரு ஆள் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தான். என் அட்டையை வாங்கினான். அவளைப் பார்த்தான்.

“இது யாரு?”

“என் தங்கச்சி,” என்றேன் பர்மியத்தில். “அட்டை புதுசுக்குக் குடுத்திருக்கு.”

அவன் எங்கள் இரண்டு முகங்களையும் பார்த்தான். என் கறுப்பும் அவள் வெளுப்பும் அக்கா தங்கை மாதிரியா இருக்கும்? குனிந்து குழந்தையின் கன்னத்தைத் தட்டினான். “இது உன் பெரியம்மாவா?”

குழந்தை தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டு, “போ” என்றது.

எனக்கு உயிரே போய்விட்டது, அவன் கண்ணுக்கு அது ‘இல்லை’தானே. அத்தனை நாளும் அண்ணன் அதோடு விளையாடியதன் பலன். ஆனால் பர்மியத்தில் தாத்தாவை ஃபோ என்பார்கள். அவன் பின்னால் இருந்தவனைத் திரும்பிப் பார்த்து, “டேய், என்னைத் தாத்தாங்குதுடா!” என்று சிரித்தான். பின்னால் இருந்தவனும் சிரித்தான். அட்டையை என் மடியில் போட்டுவிட்டு அடுத்த இருக்கைக்குப் போனான்.

மாமா வீட்டைக் கண்டுபிடித்தோம். தகரக் கூரை வீடு. அவர் கதவைப் பாதி திறந்து, அவளைப் பார்த்து, தெருவைப் பார்த்து, மறுபடி அவளைப் பார்த்தார். நான் நகரவில்லை. உள்ளேயிருந்து ஒரு அம்மா வந்து குழந்தையை வாங்கிக்கொண்ட பிறகுதான் திரும்பினேன். அவள் ஓடி வந்தாள். “அக்கா, அவர் பேர் என்ன? கடைசி வரைக்கும் கேக்கவே இல்ல.” சொன்னேன். வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அண்ணனை ஒரு வாரத்துக்கும் மேலாக வைத்திருந்து அனுப்பினார்கள். கன்னம் ஒட்டி, தாடி வளர்ந்து வந்தார். அன்றைக்கு மத்தியானம் ஊ மின் வந்து எல்லா வீட்டையும் பார்த்ததும், ஒன்றும் இல்லை என்று போனதும் அவருக்குத் தெரிந்திருந்தது. தன் வீட்டுக்குள் போகாமல் நேராக என் வாசலுக்கு வந்தார்.

“எதுவரைக்கும் போனே?”

“வாசல் வரைக்கும்.”

“கதவு திறந்தாங்களா?”

“திறந்தாங்க.”

“உள்ள போனதைப் பாத்தியா?”

“பாத்தேன் அண்ணே. குழந்தையை வாங்கிக்கிட்டாங்க.”

பஸ்ஸில் நடந்ததைச் சொன்னேன். தங்கச்சி என்று சொன்னேன் என்றதும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “ஷ்கிப்தாரே கென்கே!” என்றார். அட, நீ அல்பேனியக்காரியாகவே இருக்கிறாயே என்று அர்த்தம். அந்த ஆச்சரியத்துக்கான வினைச்சொல்லில். எனக்கு யாரும் அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படி ஒரு பட்டம் கொடுத்ததில்லை.

ஆனால் கட்டடக்காரர் விடவில்லை. மற்ற வீட்டுக்காரர்களும் பயந்தார்கள். நான் பேசிப் பார்த்தேன். “உனக்கே வயசுப் பையன் இருக்கான், நீ பேசறியா?” என்று கேட்டார்கள். அந்த மாதக் கடைசியில் அண்ணனும் மா கின்னும் காலி செய்துகொண்டு அலோனுக்குப் போனார்கள், என் அக்கா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. தரைத்தளத்தில் ஒரு அறை. படிக்கட்டே கிடையாது, கதவுக்கு நேரே தெரு. படகுத்துறையில் மூட்டை தூக்குகிறவர்கள் காலையிலிருந்து போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருப்பார்கள். அவருக்கு ஓயாத வேலை ஆகிவிட்டது என்று மா கின் அலுத்துக்கொண்டாள்.

செல்வம் என் அக்கா வீட்டிலேயே இருந்தான். அதற்கு மேல் அவனை வைத்திருக்க முடியாது என்று எனக்கும் புரிந்தது. தாய்லாந்து எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு துணித் தொழிற்சாலையில் வேலை, கூட்டிப்போக ஒரு ஆள் என்று ஏற்பாடாயிற்று. அண்ணன்தான் ஒவ்வொன்றையும் கேட்டார். எந்த வழி, எங்கே தங்கல், அங்கே கதவைத் திறக்கிறவர் யார், அவரை யாருக்குத் தெரியும். நான் கேட்க மறந்ததையெல்லாம் கேட்டார். அந்த ஊரில் இருக்கும் தன் பழைய கப்பல் கூட்டாளிக்கு போன் போட்டு, “வர்றவன் என் மிக்” என்றார். அவனுக்கு அந்த வார்த்தை எப்படித் தெரியும் என்றேன். “கப்பல்ல கூட இருந்தவன்தானே,” என்றார்.

காலை பஸ். நானும் மா கின்னும் அண்ணனும் போய் நின்றோம். செல்வம் என் காலைத் தொட்டான், அண்ணன் காலைத் தொட்டான், ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். வண்டி நகர ஆரம்பித்தது. மெதுவாகத்தான் நகர்ந்தது. பக்கத்தில் நடந்துகொண்டே போனார் அண்ணன். பிறகு கொஞ்சம் ஓடினார். பிறகு கம்பியைப் பிடித்து ஏறிவிட்டார்.

“எங்க போறீங்க!” என்று மா கின் கத்தினாள்.

“எல்லை வரைக்கும்!” என்று அவர் குரல் வந்தது. மாற்றுத் துணியில்லை, பையில்லை, ரப்பர் செருப்பும் லுங்கியும்தான். வண்டி திரும்பி மறைந்துவிட்டது.

மா கின் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு அழுதாள், திட்டினாள், பிறகு என்னையும் உட்கார வைத்தாள். நாங்கள் இருவருமாக என் வீட்டுக்கு வந்தோம். அவள் அங்கேயே தங்கினாள். இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை. அவருடைய போன் எடுக்கப்படவில்லை, செல்வத்தினுடையதும் எடுக்கப்படவில்லை. நான் ஒரு ஜாக்கெட்டைத் தைத்துப் பிரித்து, தைத்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு காலடிக்கும் எழுந்து போய்ப் பார்த்தது இப்போது நாங்கள் இரண்டு பேரும்.

அவர் வந்து சேர்ந்தது ஒரு சாயங்காலம். கால் இரண்டும் சேறு. ஒரு செருப்பு மாறியிருந்தது, வேறு யாருடையதோ. மா கின் அடிக்கிற மாதிரி பாய்ந்தாள். அவர் அவளைத் தாண்டி என்னைப் பார்த்தார்.

“தாண்டிட்டான் தங்கச்சி. அந்தப் பக்கம் கரையேறி நின்னு கையை ஆட்டினான். நான் பாத்தேன்.”